ஐபி முகவரிப் பதிவேடு யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

#1 பொருநை

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் நாலாயிரத்து இருநூறு இணைப்புகள் கொண்ட சிறிய ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) ஒன்றை நடத்திவருகிறேன். எங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு /23, அதாவது 512 ஐபிவி4 முகவரிகள் (கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடினால் தொகுதி சிறிதாகும்). 2019க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்னிக் தரும் உச்ச அளவே அவ்வளவுதான் என்பதால், குறைவாகத் தந்துவிட்டார்கள் என்று புலம்ப இதை எழுதவில்லை. சிஜிநாட் பெட்டிக்குப் பின்னால் ஒரு முகவரியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டிலிருந்து கடையின் சிசிடிவியைப் பார்க்க முடியவில்லை என்று கடைக்காரர்கள் அழைப்பார்கள். விசாரணைக் கடிதம் வந்தால் அதில் ஐபியும் நேரமும் இருக்கும், பத்துப் பேரில் யார் என்று பிரித்தறிய உதவும் போர்ட் எண் இருக்காது. இவையெல்லாம் பழகிப்போயின.

பழகாத கேள்வி ஒன்று சில வாரங்களாக உறுத்துகிறது. இந்த 512 எண்களும் எங்களுடையவை என்பதற்கு என்ன ஆதாரம்? பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக்கின் பதிவேட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயர் ஒரு வரியில் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டா கிடையாது, சிட்டா கிடையாது. அந்தப் பதிவேட்டை நடத்தும் அமைப்பே நிலைகுலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது கண்முன்னே இருக்கிறது. அந்தக் கண்டத்துக்கான பதிவகமான ஆஃப்ரினிக்கின் வங்கிக் கணக்குகளை, ஒரு தனியார் நிறுவனம் தொடுத்த வழக்கில், மொரீஷியஸ் நீதிமன்றம் 2021 ஜூலையில் முடக்கியது. 2022க்குப் பிறகு கூட்டம் நடத்தப் போதுமான இயக்குநர்களே அங்கு இல்லாமல் போனார்கள். 2023 செப்டம்பரில் நிர்வாகம் நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் கைக்குப் போனது. 2025 ஜூனில் நடந்த தேர்தல் ரத்தாகி, செப்டம்பரில் மீண்டும் நடந்த பிறகுதான் ஒரு குழு அமைந்தது.

எனவே கேட்கிறேன்: முகவரி ஒதுக்கீட்டின் விதிகளை எழுதும் பொறுப்பு, இப்போது உள்ளதுபோல் வட்டாரப் பதிவகங்களிடமே இருக்க வேண்டுமா? ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் வரும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திடம் போக வேண்டுமா? அல்லது ஒவ்வொரு அரசும் தன் நாட்டுக்கான பங்கைப் பெற்றுத் தானே பிரித்துக் கொடுக்க வேண்டுமா?

#2 பழைய எக்ஸ்சேஞ்ச்

நண்பர் பொருநை கேட்டிருப்பது நாங்கள் பணியில் இருந்த காலத்திலேயே எழுந்த கேள்வி. தொலைத்தொடர்புத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றியம் 1865இல் தந்திக்காகத் தொடங்கப்பட்டது. இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, சிங்கப்பூருக்கு 65 என்று உலகத் தொலைபேசிக் குறியீடுகள் இன்றும் அதன் ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. ஒரு தனியார் நிறுவனம் போட்ட வழக்கால் ஒரு நாட்டின் குறியீடு முடங்கியதாக எவரேனும் கேள்விப்பட்டதுண்டா?

ஐபி முகவரிகளின் கதையைப் பாருங்கள். தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்ற ஒருவர் பட்டியலைப் பராமரித்தார். அவர் நேர்மையாளர், அதில் ஐயமில்லை. ஆனால் கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்த அந்தக் காலத்தில் ஆப்பிள் நிறுவனம் 17 என்று தொடங்கும் முழுத் தொகுதியையும், ஃபோர்டு கார் நிறுவனம் 19 என்று தொடங்கும் முழுத் தொகுதியையும் பெற்றன. ஒவ்வொன்றும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். ஆப்பிரிக்காவுக்குத் தனிப் பதிவகம் அமைந்ததே 2005இல்தான். ஆறே ஆண்டுகளில், 2011 பிப்ரவரி 3 அன்று, உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்த பிறகு, மற்றவர்களைப் பார்த்துச் சிக்கனமாக இருங்கள் என்றார்கள். 2004இலேயே ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவு இயக்குநராக இருந்த ஹௌலின் ஜாவ், ஐபிவி4க்கு அடுத்து வந்த, முகவரிகள் மிக ஏராளமான ஐபிவி6இல் ஒரு பகுதியையாவது நாடுவாரியாக ஒதுக்கி வைக்கலாம் என்று முன்மொழிந்தார். கேட்டார்களா?

#3 கிளமென்டி

ஐயா, பந்தி உவமையை மறுக்க முடியவில்லை. தொலைபேசி உவமையை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரில் ரவுட்டர்களோடு வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு முன்னால் நிற்பதற்குக் காரணம், அழைப்பு அந்த நாட்டின் வாசல் வழியாகத்தான் போகும் என்பதே. ஐபி முகவரி எந்த நாட்டில் இருக்கிறது என்பதை ரவுட்டர் கவனிப்பதில்லை. எந்த வலையமைப்பின் வழியாகப் போனால் அந்த முகவரியை அடையலாம் என்பது மட்டுமே அதற்கு வேண்டும். ஒரே நிறுவனம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் ஒரே தொகுதியைப் பிரித்துப் பயன்படுத்துகிறது. அதற்கு மூன்று நாட்டு அரசுகளிடம் மூன்று துண்டுகளாகத்தான் வாங்க வேண்டும் என்றால், உலகின் ஒவ்வொரு பெரிய ரவுட்டரும் மூன்று வரிகளை நினைவில் வைக்க வேண்டும். இப்போதே ஐபிவி4 வழித்தட அட்டவணை பத்து லட்சம் வரிகளை ஒட்டி நிற்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'ஆளுகை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகளை நாம் போட்டுக் குலுக்குகிறோம். முகவரி எத்தனை பிட் நீளம், எந்தப் பகுதி எதற்கு என்று வகுப்பது ஒரு வேலை. அதை ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் அமைப்பு செய்கிறது. யாருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. அதை ஐந்து வட்டாரங்களிலும் அந்தந்த வட்டாரத்து மக்கள் கூடிச் செய்கிறார்கள். கொடுத்ததைப் பதிவேட்டில் பிழையின்றி எழுதி வைப்பது மூன்றாவது வேலை. அதைப் பதிவக ஊழியர்கள் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவில் முறிந்தது மூன்றாவது வேலையைச் செய்யும் அலுவலகத்தின் நிர்வாகம். முகவரியின் தரநிலையில் பழுதில்லை. கணக்குப்பிள்ளை தவறு செய்தார் என்பதற்காகக் கணிதத்தையே ஐக்கிய நாடுகளிடம் ஒப்படைக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

#4 பழைய எக்ஸ்சேஞ்ச்

கணக்குப்பிள்ளை உவமை நன்றாயிருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன தொலைபேசி பழைய தொலைபேசி. 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. ஒரு கைப்பேசி எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பார்த்து அது எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று சொல்லிவிடும் காலம் போய்விட்டது. எண் வேறு, வழி வேறு என்று பிரித்த பிறகும் தொலைபேசி உலகம் இயங்கத்தான் செய்கிறது. அதை நடத்தியது அரசு ஒழுங்குமுறை.

#5 கிளமென்டி

சரியான பிடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் அழைப்புக்கு ஒரு முறை தரவுத்தளத்தைக் கேட்டால் போதும், பிறகு பத்து நிமிடம் பேசலாம். ரவுட்டர் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும், நொடிக்குப் பல கோடி முறை, அந்த முடிவை எடுக்க வேண்டும். அதனால்தான் முகவரியை வலையமைப்பின் கட்டமைப்போடு ஒட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

#6 மணற்காடு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2016இல் ஏப்னிக்கின் 42ஆவது மாநாடு கொழும்பில் நடந்தபோது பயிலரங்கில் நானும் இருந்தேன். அமெரிக்க வணிகத் துறைக்கும், இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்புக்கும் இடையிலான ஐயானா (உச்சிப் பதிவேட்டுப் பணி) ஒப்பந்தம் காலாவதியானது அதே நாள்களில்தான். அக்டோபர் 1 முதல் முகவரிகளின் உச்சிப் பதிவேட்டின் மீது எந்த அரசுக்கும் தனிப் பிடி இல்லை. உலகச் செய்தியாகப் பேசப்பட்ட அந்தச் சனிக்கிழமை நாங்கள் பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி அறிவிக்கும் நெறிமுறை) பயிற்சியில் தவறாக எழுதிய ஒரு வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு பொட்டலம்கூட வழி மாறவில்லை. அந்த நிகழ்வு எனக்குச் சொன்னது, அந்த ஒப்பந்தம் ஒரு காவல் முத்திரையாக இருந்ததே தவிர, இயங்கும் பொறியாக ஒருபோதும் இருக்கவில்லை என்பதுதான்.

கொள்கை அமர்வுகளையும் அங்கேதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன். உறுப்பினர் அட்டை யாரும் கேட்கவில்லை. மாணவர் ஒருவரும் ஒலிவாங்கிக்கு வந்து ஒரு பெரிய நிறுவனத்தின் முன்மொழிவை எதிர்க்கலாம். வாக்கெடுப்புக் கிடையாது, ஆதரவையும் எதிர்ப்பையும் தலைவர் அளந்து பார்த்து, எதிர்ப்புக்கான காரணத்துக்கு விடை கிடைத்ததா என்பதை வைத்து முடிவைச் சொல்வார். நாடாளுமன்றங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது விசித்திரமாகவும், உண்மையைச் சொன்னால் மிகவும் கண்ணியமாகவும் இருந்தது.

ஆயினும் புகழ்ந்து முடித்துவிட மனம் வரவில்லை. ஒலிவாங்கிக்கு வந்தவர்களை எண்ணினேன், பதினைந்து பேருக்கு மேல் இருக்காது. பெரும்பாலும் பயணச் செலவை நிறுவனம் கொடுப்பவர்கள், ஆங்கிலத்தில் தயங்காமல் வாதாடக்கூடியவர்கள். கிளிநொச்சியிலோ நாகர்கோவிலிலோ ஐந்நூறு இணைப்பு வைத்திருப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆனால் அந்தக் கதவு மூவாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. இணையம் வழியாகக் கலந்துகொள்ளலாம் என்பார்கள். கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும், மண்டபத்தின் தேநீர் இடைவேளையில்தான் பாதி இணக்கம் உருவாகிறது.

#7 வாதி பிரதிவாதி

நான் பொறியாளர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடுபவன். பொருநையின் கேள்வியைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

எந்தப் பதிவகமும் ஏதோ ஒரு நாட்டின் மண்ணில்தான் இருக்க முடியும். அந்த மண்ணின் நீதிமன்றம் அதைத் தொடத்தான் செய்யும். இது மொரீஷியஸுக்கு மட்டும் உரியதல்ல. 2011 நவம்பரில் நெதர்லாந்துக் காவல்துறை, ஒரு தீம்பொருள் வழக்கில் சில முகவரித் தொகுதிகளின் பதிவை உறைய வைக்கும்படி ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஐரோப்பிய வட்டாரப் பதிவகமான ரைப் என்சிசிக்கு ஆணை கொடுத்தது. அவர்கள் முதலில் கீழ்ப்படிந்தார்கள், பிறகு அந்த ஆணையின் சட்ட அடிப்படையைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயா ஒன்றியத்தின் குறியீடுகளை எந்த நீதிமன்றமும் முடக்கியதில்லை என்று எழுதினார். காரணம் எளியது. பன்னாட்டு அமைப்பு என்ற முறையில் ஒன்றியத்துக்கு ஜெனீவாவில் சட்ட விலக்குரிமை இருக்கிறது. அந்தக் கேடயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாளைக்குப் பொருநையின் /23 தவறுதலாக வேறொருவர் பெயருக்கு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய ஏற்பாட்டில் அவர் ஏப்னிக் மீது ஆஸ்திரேலியாவில் வழக்குத் தொடுக்கலாம். செலவு கையைக் கடிக்கும், ஆனால் வாசல் இருக்கிறது. ஒன்றியத்தின் மீது அவர் எங்கே வழக்குத் தொடுப்பார்? டெல்லிக்கு மனு எழுதி, டெல்லி ஜெனீவாவுக்கு எழுதுவதைக் காத்திருந்து பார்க்க வேண்டியதுதான். அங்கே உறுப்பினர்கள் 194 அரசுகள். தென்காசி ஐஎஸ்பி அங்கே ஒரு தரப்பே கிடையாது.

2022ஐயும் நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கிய சில நாள்களில், ரஷ்ய உறுப்பினர்களின் முகவரி உரிமைகளைத் திரும்பப் பெறும்படி உக்ரைன் அரசு ரைப் என்சிசியைக் கேட்டது. கோரிக்கையின் வேதனை எவருக்கும் புரியும். பதிவகம் மறுத்தது, பதிவேடு அரசியல் தண்டனைக்கான கருவியாகக் கூடாது என்ற நிலைப்பாட்டில் நின்றது. இதே கோரிக்கை அரசுகள் மட்டுமே வாக்களிக்கும் ஓர் அவைக்கு வந்திருந்தால், அன்று யார் யாரோடு கூட்டணி என்பதைப் பொறுத்து முடிவு அமைந்திருக்கும். அடுத்த முறை அந்தப் பட்டியலில் எந்த நாடு இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆஃப்ரினிக் வழக்கைப் பொறுத்தவரை என் கருத்து சற்று வேறானது. வழக்குத் தொடுத்த நிறுவனம் 62 லட்சம் முகவரிகளைப் பெற்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே பயன்படுத்தியது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு முன்பே, 2019இல், அந்தப் பதிவகத்துக்குள்ளிருந்தே ஏறத்தாழ 40 லட்சம் முகவரிகளின் பதிவுகள் திருத்தப்பட்டுக் களவு போனது வெளிவந்தது. இயக்குநர் இடங்கள் காலியானால் என்ன செய்வது என்பதற்கு அவர்களின் அமைப்பு விதிகளில் போதிய ஏற்பாடு இல்லை. நீதிமன்றம் நுழைந்ததை நோயாகக் காட்டுகிறார்கள். விதிகள் எழுதியிருந்த விதத்தில்தான் நோய் இருந்தது.

#8 பழைய எக்ஸ்சேஞ்ச்

வழக்கறிஞரின் விலக்குரிமை வாதம் என்னைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது. 2011இல் இந்தியா ஐ.நா. பொதுச்சபையில் இணையக் கொள்கைகளுக்காக 50 நாடுகள் கொண்ட ஒரு குழுவை முன்மொழிந்தபோது நாங்கள் பலர் மகிழ்ந்தோம். 2014இல் பூசானில் நடந்த ஒன்றிய மாநாட்டில், முகவரியைப் பார்த்தே நாட்டை அறியும் வகையில் ஒதுக்கீடு இருக்க வேண்டும், உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே நிற்க வேண்டும் என்று இந்தியா வைத்த வரைவு ஏற்கப்படவில்லை. மறு ஆண்டே இந்திய அரசு, அரசுகளோடு நிறுவனங்களும் பொறியாளர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் பல்தரப்பு முறையை ஆதரிப்பதாக அறிவித்துவிட்டது. நான் அந்தத் திருப்பத்தை அரைமனதோடுதான் ஏற்றேன்.

என் மனக்குறை நீங்கள் எவரும் தொடாத இடத்தில் இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கப்பட்டது இன்று விலைபோகிறது. 2011இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது, ஒன்று 11.25 டாலர். அமெச்சூர் வானொலியாளர்களுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த, 44 என்று தொடங்கும் தொகுதியின் கால் பங்கு 2019இல் அமேசானுக்கு 10 கோடி டாலருக்கும் மேலான தொகைக்குப் போனது. 2024 பிப்ரவரி முதல் அதே அமேசான் தன் மேகச் சேவையில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை வாங்குகிறது. ஊர்ப் பொதுக் கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்துக்கு இத்தனை என்று விற்பதைப் பார்த்துக்கொண்டு, கிணற்றுக் கணக்கு மட்டும் நாங்கள் துல்லியமாக எழுதுகிறோம் என்று சொல்லும் அமைப்பைப் பொதுநல அமைப்பு என்று எப்படி ஏற்பது?

#9 பொருநை

ஐயா சொன்ன கிணற்றின் ஓரத்தில் குடத்தோடு நிற்பவன் நான்தான். கூடுதலாக ஒரு /24 வாங்க விலை கேட்டுவிட்டு, அந்தப் பணத்துக்கு இரண்டு ஓஎல்டி (ஃபைபர் இணைப்பு தரும்) பெட்டிகள் வாங்கிவிடலாம் என்று திரும்பியவன்.

வாக்குரிமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொள்கை அமர்வில் எவரும் பேசலாம் என்று மணற்காடு எழுதியது உண்மை. ஆனால் ஏப்னிக்கின் நிர்வாகக் குழுவுக்கு நடக்கும் தேர்தல் வேறு மாதிரி. உறுப்பினரின் அடுக்குக்கு ஏற்ப 1 முதல் 64 வரை வாக்குகள். எனக்கு இரண்டு. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 64. ஐரோப்பாவில் ரைப் என்சிசியில் ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். இந்தியாவில் 2012 முதல் நிக்சி (இந்தியத் தேசிய இணைய எக்ஸ்சேஞ்ச்) நடத்தும் ஐரின் என்ற தேசியப் பதிவகத்தின் வழியாக முகவரி பெற்றவர்கள் ஏப்னிக்கின் நேரடி உறுப்பினர்களே அல்லர். அவர்கள் சார்பில் வாக்கு தேசியப் பதிவகத்துக்கு உரியது. ஆகவே 'அடித்தளத்திலிருந்து மேலெழும் ஆளுகை' என்று மேடையில் கேட்கும்போது, அந்த அடித்தளத்தில் எங்கள் தளம் எத்தனாவது என்று கேட்கத் தோன்றுகிறது.

இருந்தாலும், ஒன்றியத்துக்குப் போனால் இந்த இரண்டு வாக்கும் பூச்சியமாகிவிடும் என்பதை வழக்கறிஞர் புரியவைத்துவிட்டார்.

#10 கிளமென்டி

கிணற்றைப் பற்றி: ஐயாவின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் 1980களில் முகவரி பெற்றவர்களில் பலர் எந்தப் பதிவகத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளவே இல்லை. பதிவகங்களே அப்போது பிறக்கவில்லை. அவர்களிடமிருந்து பிடுங்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கும் கிடையாது. விற்பனையைப் பதிவகங்கள் அங்கீகரிக்க மறுத்திருந்தால் விற்பனை நின்றிருக்காது, பதிவேடு பொய்யாகியிருக்கும். எழுதாத கிரயம்போல் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் யாருடையது என்றே தெரியாத நிலை வந்திருக்கும்.

மேலும், பங்கீட்டுச் சண்டை ஐபிவி4க்கு உரியது. ஐபிவி6இல் ஒரு சிறிய ஐஎஸ்பிக்குக் கிடைக்கும் /32க்குள் 65,536 வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு /48 கொடுக்கலாம். ஏப்னிக்கின் அளவீட்டில் இந்தியாவில் ஐபிவி6ஐப் பயன்படுத்தக்கூடிய பயனர்களின் பங்கு 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அங்கே ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. எஞ்சுவது, எழுதியதை அழியாமலும் பிறழாமலும் காப்பது. அதற்கு 194 அரசுகள் கூடும் அவை எதற்கு? நல்ல எழுத்தரும், எழுத்தரைக் கண்காணிக்கும் தணிக்கையாளரும், எழுத்தர் விழுந்தால் ஏட்டை எடுத்துக்கொள்ளும் அடுத்தவரும் போதும்.

#11 மணற்காடு

அந்த மூன்றாமவர்தான் இதுவரை இல்லை. 2001இல் எழுதப்பட்ட ஐசிபி-2 என்ற ஆவணம் புதிய பதிவகத்தை எந்தத் தகுதியில் ஏற்பது என்று சொல்கிறது. ஏற்றதை எப்படி விலக்குவது என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கலியாணப் பத்திரிகை அச்சடித்தவர்கள் அதற்கப்புறம் வருவதைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள். இப்போது அதற்கு மாற்றாக ஒரு புதிய ஆவணம் தயாராகிறது. முதல் வரைவு 2025 ஏப்ரலில் வந்தது. பதிவகம் தொடர்ந்து தணிக்கைக்கு உட்பட வேண்டும், பிறழ்ந்தால் அங்கீகாரத்தை நீக்கலாம், நீக்கினால் பணியை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒத்துழைக்க வேண்டும் என்பவை அதன் சாரம்.

இது வெறும் தாள்வேலை என்று எண்ணுபவர்களுக்காக ஒன்றை விளக்குகிறேன். முன்பு பதிவேட்டில் பிழை இருந்தால் அது பிழையாக மட்டும் இருந்தது. பொட்டலங்கள் பதிவேட்டைப் பார்த்து ஓடவில்லை. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாமின் தவறான அறிவிப்பு ஒன்று யூடியூபை உலகின் பெரும்பகுதிக்கு எட்டாமல் செய்தபோது அதைத் தடுக்கும் பூட்டு இல்லை. இன்று ஆர்பிகேஐ அந்தப் பூட்டு. இன்ன தொகுதியை இன்ன வலையமைப்புதான் அறிவிக்கலாம் என்று ஒப்பமிட்ட சான்றை நாம் வெளியிடுகிறோம். அந்தச் சான்றுகளுக்கெல்லாம் வேராக இருப்பவை ஐந்து பதிவகங்களின் சாவிகள். ஒரு பதிவகம் செயலிழந்து சான்றுகள் காலாவதியானால் பெரிய கேடில்லை, பூட்டுப் போடாத வீடுபோல் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நீதிமன்ற ஆணையாலோ உள்ளிருக்கும் ஒருவரின் கைவரிசையாலோ உங்கள் தொகுதி வேறொருவர் பெயருக்கு மாறி, அவர் புதிய சான்றை வெளியிட்டால், உங்கள் அறிவிப்பு செல்லாதது என்று முத்திரை விழும். சரிபார்க்கும் வலையமைப்புகள் அதைக் கீழே போட்டுவிடும். 2019இல் ஆஃப்ரினிக்கில் நடந்ததுபோன்ற பதிவுத் திருட்டு இன்று நடந்தால் விளைவு அதைவிடக் கடுமையாக இருக்கும்.

#12 ஒதுங்கி நிற்பவர்

நீண்ட நாள்களாகப் படித்துவிட்டு மட்டும் போகிறேன். ஒரு சிறிய ஐயம். பிறழ்ந்த பதிவகத்தை விலக்குவது யார்? மற்ற நான்கு பதிவகங்களும் ஐகேனும் என்றால், பங்காளிகள் கூடிப் பஞ்சாயத்துப் பேசுவது போல் ஆகாதா?

#13 வாதி பிரதிவாதி

ஆகும். நான் வரைவைப் படித்தபோது அடிக்கோடிட்ட இடமும் அதுவே. நான்கு பேருக்கும் நாளை தமக்கும் அதே கதி வரலாம் என்ற அச்சம் இருப்பதால், விலக்கும் பிரிவு எழுத்தில் இருந்தும் எடுக்கப்படாத வாளாகத் துருப்பிடிக்கலாம். அந்த வட்டாரத்து உறுப்பினர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையொப்பமிட்டுக் கேட்டால் சுதந்திரமான தணிக்கை தொடங்கியே ஆக வேண்டும் என்ற உரிமை வேண்டும். தணிக்கையாளரைப் பதிவகங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. அரசுகளுக்கு இங்கே ஓர் இடம் உண்டு என்று பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவோடு உடன்படுகிறேன்: பதிவகம் அமைந்துள்ள நாட்டின் அரசு, பதிவேட்டின் தொடர்ச்சியைக் குலைக்கும் இடைக்கால ஆணைகளிலிருந்து அதற்குப் பாதுகாப்புத் தரும் ஒரு சட்டத்தை இயற்றலாம். முழு விலக்குரிமை வேண்டாம், வழக்குத் தொடுக்கும் வாசல் இருக்கட்டும். வழக்கு நடக்கும்போது ஏட்டைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது மட்டும் போதும்.

#14 பழைய எக்ஸ்சேஞ்ச்

அந்த அளவுக்கு என்றால் நானும் இறங்கி வருகிறேன். விதி எழுதும் வேலை உங்களிடமே இருக்கட்டும். தணிக்கையாளர் நியமனத்தில் மட்டும் அரசுகளுக்கு ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதை நான் விடுவதாக இல்லை.

#15 கிளமென்டி

குரல் இருக்கட்டும் ஐயா, ரத்து அதிகாரம் வேண்டாம். இந்த ஒரு புள்ளியில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

#16 பொருநை

இத்தனையும் படித்துவிட்டு நேற்றிரவு எங்கள் /23இன் பதிவை ஹூஇஸில் (பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் பொதுச் சேவை) எடுத்துப் பார்த்தேன். தொடர்பு மின்னஞ்சல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப்போன பொறியாளருடையது. தொலைபேசி எண் பழைய அலுவலகத்தின் லேண்ட்லைன். அதைத் துண்டித்தே வெகுநாள் ஆகிறது. எவரேனும் அந்த மின்னஞ்சலைக் கைப்பற்றி நான்தான் பொருநை என்று எழுதியிருந்தால் என் 512 முகவரிகளும் போயிருக்கக்கூடும். ஆர்பிகேஐ சான்றும் வெளியிட்டிருக்கவில்லை. பிரிஸ்பேனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. இரண்டையும் இன்று திருத்துகிறேன். வரைவு ஆவணத்துக்கு நம் கருத்துகளை வழக்கறிஞர் தொகுத்துத் தந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணற்காடு, சான்றில் அதிகபட்ச நீளம் என்று ஒரு கட்டம் கேட்கிறது. பின்னால் தேவைப்பட்டால் உதவும் என்று 24 என்று போட்டுவிடலாமா?

#17 மணற்காடு

வேண்டாம். இப்போது நீங்கள் /23 ஆக மட்டும் அறிவிக்கிறீர்கள் என்றால் 23 என்றே எழுதுங்கள். 24 என்று திறந்து வைத்தால், உங்கள் ஏஎஸ் எண்ணை (வலையமைப்பின் அடையாள எண்) போலியாகப் போட்டு ஒரு /24ஐ வேறொருவர் அறிவித்தாலும் அது செல்லும் என்றுதான் சரிபார்ப்பில் வரும். எண் நீளம் கூடிய, அதாவது சிறிய தொகுதிக்கே முன்னுரிமை என்பதால் போக்குவரத்து அவர் பக்கம் போய்விடும். பிரித்து அறிவிக்க வேண்டிய நாள் வரும்போது, அதற்கு முன்னதாக இன்னொரு சான்றைப் போட்டுக்கொள்ளலாம்.